ரெட் பின்னிலிருந்து எழுந்த ரெக்கை யானை

பாண்டிச்செல்வியைப் பற்றிக் கேட்டால் கம்பெனியில் எங்கள் லைனில் வேலை பார்த்தவர்கள் எல்லோரும் முதலில் அவளுடைய உயரத்தைச் சொல்வார்கள். நான் அவளுடைய வாயைத்தான் சொல்வேன். ஐந்தரை வருஷம் ஒரே அறையில் பக்கத்துப் பாயில் படுத்தவள் நான், எனக்குத் தெரியாதா? அந்த வாய் சாப்பிடத் திறக்கும், கொட்டாவி விடத் திறக்கும், சீட்டு ஆடும்போது கணக்குப் போட்டு முணுமுணுக்கத் திறக்கும். "தப்பு என் மேலதான்" என்று சொல்ல மட்டும் திறக்காது. அதற்கென்று தனியாக ஒரு பூட்டு போட்டுச் சாவியைக் கிணற்றில் போட்டுவிட்டுத்தான் ரயிலேறி வந்திருப்பாள் போலிருக்கிறது.

அந்தப் பூட்டால் ஒன்றேமுக்கால் வருஷம் நான் பட்ட பாடு இருக்கிறதே, அதைச் சொல்லாமல் பாண்டியைப் பற்றிச் சொல்ல முடியாது.

நாங்கள் மூன்று பேரும் கோவில்பட்டிப் பக்கம். பாண்டியும் சுகப்பிரியாவும் ஒரே ஊர், ஒரே தெரு, பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. நான் எட்டயபுரத்துக்காரி, பெயர் தங்கமாரி. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு 2009-இல் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு செல்போன் கம்பெனிக்கு ஆள் எடுத்தார்கள். மூன்று பேரும் ஒரே நாளில் சேர்ந்தோம். பக்கத்து ஊரான வல்லம் வடகாலில் முனியம்மாள் அக்காவின் லைன் வீட்டில் கடைசி அறையை வாடகைக்குப் பிடித்தோம். அக்காவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். அவர்களுடைய நெல் வயல் தொழிற்பேட்டைக்குப் போய்விட்டது. மிச்சம் இருந்த துண்டு நிலத்தில் வரிசையாக நாலு அறை கட்டி எங்களைப் போன்ற பெண்களைக் குடிவைத்திருந்தார். குளியலறை வெளியே. மூன்று பேருக்கும் பொதுவாக ஒரே ஒரு நல்ல வாளி. அந்த வாளியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனியில் எனக்குப் பேக்கிங். சுகாவுக்குக் கீபேடு ஸ்டேஷன், போனில் பட்டன் தகட்டை வைத்து அமுக்கி அனுப்புகிற இடம். பாண்டிக்கு ரீவொர்க். லைனில் பழுதாகிற போன் எதுவாக இருந்தாலும் சிவப்புத் தட்டில் போட்டுவிட வேண்டும். அதற்குப் பெயர் ரெட் பின். அதற்குள் போனதை லைன் ஆட்கள் யாரும் தொடக்கூடாது. முதல் நாள் ட்ரெயினிங்கிலேயே மண்டையில் ஆணி அடித்த மாதிரி அடித்துவிடுவார்கள். எங்களுக்கெல்லாம் ரெட் பின் என்றால் கதை முடிந்தது என்று அர்த்தம். பாண்டிக்கு மட்டும் அங்கேதான் ஷிப்ட் ஆரம்பம். காலையில் தட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாளென்றால் சாயங்காலத்துக்குள் முக்கால்வாசியைப் பேசவைத்து லைனுக்குத் திருப்பி அனுப்பிவிடுவாள்.

சீட்டு வந்தது 2011-இல். மெஷின் பூட்ட வந்த வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது ஒரு ஷூ பெட்டி நிறையச் சீட்டுகளை ரீவொர்க் டேபிளில் வைத்து, பாண்டியிடம் கையைக் கூப்பிவிட்டுப் போய்விட்டார். நம் ரம்மிச் சீட்டு இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரு மிருகமோ பிசாசோ மந்திரமோ படமாக இருக்கும், அடியில் பொடி எழுத்தில் இங்கிலீஷ். கம்பெனியை விட்டு ஒரு திருகாணியை வெளியே கொண்டுபோவதென்றாலும் கேட் பாஸ் வேண்டும். செக்யூரிட்டி பெட்டியைத் திறந்து பார்த்து, "என்னம்மா இது?" என்று கேட்டார். "பேய், பிசாசு, மிருகம் சார்" என்று பாண்டி உள்ளதைச் சொன்னாள். அவர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, 'அட்டை, ஒரு பெட்டி, திரும்ப வராது' என்று எழுதிச் சீல் குத்திக் கொடுத்தார்.

அதை விளையாடக் கற்றுக்கொள்ள மூன்று மாதம் ஆனது. விதிப் புத்தகத்தை டிக்‌ஷனரி வைத்துக்கொண்டு பாண்டி வரிவரியாகப் படித்தாள். விஷயம் இவ்வளவுதான். ஆளுக்கு அறுபது சீட்டில் ஒரு கட்டு. பெட்டியிலிருந்து நாமே பொறுக்கிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு சீட்டு எடுக்கலாம், ஒரு நிலச் சீட்டை இறக்கலாம். நிலம் சேரச் சேரப் பலம் சேரும். சின்ன மிருகத்துக்கு இரண்டு நிலம் போதும், பெரிய மிருகத்துக்கு எட்டு நிலம் வேண்டும். மிருகத்தை அனுப்பி யாரை வேண்டுமானாலும் அடிக்கலாம், எதிரே காவலுக்கு மிருகம் நின்றால் அது தடுக்கும். ஆளுக்கு நாற்பது உயிர், அதாவது நாற்பது புளியங்கொட்டை. கொட்டை தீர்ந்தால் ஆள் காலி.

இது நாலு பேர் ஆடினால்தான் ருசி. நாலாவது ஆளாக முனியம்மாள் அக்கா தானாகவே வந்து உட்கார்ந்தார். அவருக்கு இங்கிலீஷும் தெரியாது, தமிழும் எழுத்துக் கூட்டித்தான். ஆனால் ஒரு சீட்டின் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் சாகும்வரை மறக்கமாட்டார். சீட்டுகளுக்கெல்லாம் பெயர் வைத்தவர் அவர்தான். சோறு வடிக்கிற பூதம், கோணவாய் நாய், மூக்கறுத்தான் என்று வைத்துக்கொண்டே போவார். தன் சீட்டுக் கட்டில் மற்றவர்களைவிட ஐந்தாறு நிலச் சீட்டு கூடவே வைத்துக்கொள்வார்.

"நெஜ நெலந்தான் பூட்ச்சு. இதுலயாவது கொஞ்சம் வச்சிகினு ஆடறேன், இன்னாமே இப்போ?" என்பார். யார் மறுப்பது?

சுகாவுக்கு உயிர் ஒரே ஒரு சீட்டில்தான் இருந்தது. வெள்ளையாக, நாலு காலும் தரையில் படாமல், முதுகில் இரண்டு இறக்கையோடு ஒரு யானை. எட்டு நிலம் கேட்கும். ரெக்கை யானை என்று அக்கா பெயர் வைத்தார். வைத்தவரே அது இறங்கிய மறுநிமிஷம் இடிச் சீட்டைப் போட்டுக் கொன்றும்விடுவார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சுகா எட்டு நிலம் சேரும்வரை உயிரைப் பிடித்துக்கொண்டு இருந்து யானையை இறக்குவாள். அக்கா இடியை இறக்குவார். சுகா அரைமணி நேரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள். இது வாராவாரம் நடக்கிற திருவிழா.

இப்போது நாங்கள் செய்த தப்பைச் சொல்கிறேன். உலகத்தில் வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டார்கள். செத்த மிருகத்தைப் போட்டுவைக்கிற குவியலுக்கு விதிப் புத்தகத்தில் சுடுகாடு என்று பெயர். அக்கா காதில் அது விழுந்ததும் குதித்தார்.

"வெளக்கு வைக்கற வூட்டுல இன்னா பேச்சு இது? வேற பேரு வைங்க."

ரெட் பின் என்று வைத்தோம். கம்பெனியில் கழித்துப்போட்ட நாலு சிவப்புத் தட்டை முறைப்படி கேட் பாஸ் வாங்கிக் கொண்டுவந்து ஆளுக்கொன்று வைத்துக்கொண்டோம். பெயர் வந்ததும் அதோடு கம்பெனிச் சட்டமும் வந்து ஒட்டிக்கொண்டது. ரெட் பின்னில் போனதைத் தொடக்கூடாது, அவ்வளவுதான்! செத்ததைத் திரும்ப எழுப்பலாம் என்று சொல்லும் சீட்டுகள் பெட்டியில் இருபதுக்கு மேல் இருந்தன. அவற்றை அச்சுப்பிழை என்று முடிவுகட்டிப் பாய்க்கு அடியில் போட்டுவிட்டோம். ஒரு வருஷம் அப்படியே ஆடினோம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்டுபிடித்தது பாண்டிதான். ஒருநாள் பாயை உதறும்போது அந்தச் சீட்டுகள் விழுந்தன. பொறுக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தாள். "ஏட்டி, ரெட் பின்னுல இருந்து எடுக்கத்தான எனக்குச் சம்பளமே குடுக்கான்" என்று சிரித்தாள். அன்றிலிருந்து அவளுக்குக் கிறுக்குப் பிடித்தது.

அவள் போட்ட கணக்கு இது. எட்டு நிலம் சேர்த்துப் பெரிய மிருகத்தை இறக்க அரை ஆட்டம் ஆகிவிடும். அதையே முதலில் ரெட் பின்னில் போட்டுவிட்டால், இரண்டே நிலம் கேட்கிற எழுப்புச் சீட்டால் மூன்றாவது முறையிலேயே எழுப்பிவிடலாம். அதற்கென்று ஒரு கட்டு கட்ட ஆரம்பித்தாள். ஷிப்ட் நோட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி எழுதி அழித்தாள். முதல் கட்டில் பெரிய மிருகமாகவே அடைத்தாள். கை நிறையப் பூதம் வந்து நின்றது, எழுப்பச் சீட்டு வரவில்லை. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அடுத்த கட்டில் எழுப்புச் சீட்டு நிறைய. எழுப்ப ஒன்றும் இல்லை. கடைசியில் இருபத்துமூன்று நிலம், எட்டுப் பெரிய மிருகம், ஒன்பது எழுப்புச் சீட்டு, மிச்சமெல்லாம் கையில் இருப்பதைத் தட்டுக்குத் தள்ளிவிடுகிற சில்லறைச் சீட்டு என்று நிறுத்தினாள். கையில் ஏழு சீட்டுக்கு மேல் இருந்தால் மிச்சத்தைத் தட்டில் போட வேண்டும் என்பது விதி. அந்த விதியையே சாக்காக வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே ஒன்றும் இறக்காமல் சும்மா இருந்து, எட்டாவது சீட்டாகப் பூதத்தைத் தூக்கிப் போடுவாள்.

ஆனால் நாலு பேர் ஆட்டத்தில் முதலில் பலம் காட்டுகிறவள் தலையில்தான் மூன்று பேரும் கையை வைப்பார்கள். மூன்றாவது முறையில் பூதத்தை எழுப்பினாள். நாங்கள் மூவரும் ஒன்றுசேர்ந்து அவளைத் துவைத்துக் காயப்போட்டோம். நாலு வாரம் அடி வாங்கிய பிறகு பொறுத்திருக்கக் கற்றுக்கொண்டாள். பிறகு இன்னொன்றையும் கண்டுபிடித்தாள். சில எழுப்புச் சீட்டு அடுத்தவர் தட்டிலிருந்தும் எடுக்கலாம் என்கிறது. அக்காவின் பூதத்தையே எழுப்பி அக்காவையே அடித்தாள். அக்கா அன்றைக்கு டீ கூடக் கொடுக்கவில்லை.

அப்போதுதான் சுகா ஒரு சட்டம் போட்டாள். "கம்பெனியில ரெட் பின்ன தொடணும்னா கையெழுத்து வேணும்லா? அதே மாதிரி என் தட்டுல கைய வைக்கணும்னா எங்கிட்டக் கேக்கணும். நான் எடுன்னு சொன்ன பொறவுதான் எடுக்கணும்." சிரித்துக்கொண்டே சொன்னாள். பாண்டியும் சிரித்துக்கொண்டே, "எடுக்கட்டா தாயே?" என்று கேட்பாள். அன்றிலிருந்து அது எங்கள் நாலு பேருக்கும் வழக்கமாகிவிட்டது.

2013 பிப்ரவரியில் வந்தது வினை. சுகா லைன் லீடர் ஆகப்போகிறாள் என்று பேச்சு. வெள்ளிக்கிழமை நோட்டீஸ் போர்டில் பெயர் வரும். அதே வாரம் புதன்கிழமை ரீவொர்க்குக்கு வந்த போன்களில் மூன்றில் ஐந்தாம் நம்பர் பட்டன் அமுங்கவில்லை. ஒரே ஷிப்டில் ஒரே பழுது மூன்று வந்தால் அது எந்த ஸ்டேஷன், யார் வைத்தது என்று பார்த்து ஆபரேட்டர் நம்பரைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்பது சட்டம். பாண்டி பார்த்தாள். சுகாவின் நம்பர். ஏற்றிவிட்டாள்.

ஏற்றினாள், சரி. மதியம் கேன்டீனில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாளே, அப்போதாவது சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் சொல்லியிருக்கலாம். அறையில் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை சுகாவின் பெயர் போர்டில் இல்லை. சூப்பர்வைசர் கூப்பிட்டுக் காரணம் சொன்னபோதுதான் அவளுக்கே தெரிந்தது.

அன்றைக்கு அறைக்கு வந்து சுகா கத்தவில்லை. பையை ஆணியில் மாட்டிவிட்டுச் சொன்னாள். "சீட்டு எடுக்க எங்கிட்டக் கேட்ட. என் நம்பரப் போட ஒரு வார்த்தை கேக்கலயே பாண்டி."

பாண்டி, "ரூல்ஸ் அப்படி" என்றாள். எனக்கு அவளை ஓங்கி ஒன்று விடலாமா என்றிருந்தது.

பத்து நாள் கழித்துத் தெரிந்தது, பழுது சுகாவின் கையில் இல்லை. பட்டனை அமுக்குகிற அச்சில் ஒரு ஊசி வளைந்திருந்தது. கண்டுபிடித்ததும் பாண்டியேதான். திருத்தப் படிவம் எழுதிக்கொண்டு மூன்று நாள் அலைந்தாள். லிஸ்ட் போட்டாகிவிட்டது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். அந்தப் படிவத்தின் நகலைக் கொண்டுவந்து சுகாவின் டிரங்குப் பெட்டி மேல் வைத்தாள். சுகா படித்துவிட்டு மடித்து அடுப்பு துடைக்கப் போட்டாள். "அவ பேப்பரு எனக்கு எதுக்கு? வாயில என்ன கொழுக்கட்டையா இருக்கு? ஒரு வார்த்தை அவளா சொல்லட்டும், பேசுதேன்" என்றாள் என்னிடம். நான் போய்ப் பாண்டியிடம் சொன்னேன். பாண்டி எழுந்து போய்ச் சுகா முன்னால் நின்றாள். வாயைத் திறந்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். "சாப்பிட்டியா?" என்றாள். சுகா என் பக்கம் திரும்பி, "சாப்பிட்டேன்னு சொல்லு" என்றாள்.

அன்றைக்கு ஆரம்பித்தது என் தபால்காரி வேலை. எட்டடிக்குப் பத்தடி அறை. ஒருத்தி மூச்சு விட்டால் இன்னொருத்திக்குக் கேட்கும். ஆனாலும் எல்லாம் என் வழியாகத்தான். "தங்கம், அவள ஃபேன ஒண்ணுல வைக்கச் சொல்லு." "தங்கம், அரிசி களைஞ்சாச்சுன்னு சொல்லு." குளியலறையிலிருந்து, "தங்கம், அவள வாளியக் குடுக்கச் சொல்லு!" வாளி பாண்டியின் கையிலேயே இருக்கும். அவள் கதவுக்கு வெளியேதான் நிற்பாள். நான் அடுப்பில் வைத்ததை விட்டுவிட்டுப் போய், "பாண்டி, வாளியக் குடு" என்று சொல்ல வேண்டும். சனியன்களா, உங்களுக்கு என்ன நான் சம்பளத்துக்கா இருக்கிறேன் என்று எத்தனை நாள் கத்தியிருக்கிறேன்!

சீட்டாட்டத்தை மட்டும் இரண்டு பேரும் விடவில்லை. மூன்று பேரோடு ருசிக்காது என்று இருவருக்கும் தெரியும். ஆட்டத்திலும் நான்தான் தபால். "அவள அடிக்கேன்னு சொல்லு." பாண்டி மட்டும் சுகாவிடம் நேராகவே கேட்பாள், "எடுக்கட்டா?" என்று. சுகா சுவரைப் பார்த்துக்கொண்டு, "எடுக்கச் சொல்லு" என்பாள்.

"இன்னாமே இதுங்க, புருசன் பொஞ்சாதி கூட இம்மாம் நாளு பேசாம இருக்கமாட்டாங்க" என்று முனியம்மாள் அக்கா தலையில் அடித்துக்கொள்வார்.

2014-இல் கம்பெனியை மூடப்போகிறார்கள் என்று ஆனது. பணத்தை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் போகலாம். லைன் லைனாகப் பெண்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். பாண்டியும் நானும் பக்கத்தில் ஒரகடத்தில் வேறு வேலை தேடுவது என்று இருந்தோம். சுகா ஊருக்கே போவதென்று முடிவு பண்ணிவிட்டாள். நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பஸ். மதியம் கடைசி ஆட்டம்.

அதற்கு முந்தின நாள் பாண்டி தன் கட்டைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுகா பெட்டி கட்ட நைலான் கயிறு வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். பார்த்தால், இரண்டு வருஷமாகச் செதுக்கிச் செதுக்கிச் சேர்த்த எழுப்புச் சீட்டுகளையெல்லாம் எடுத்து ஓரமாக வைத்துவிட்டாள். அந்த இடத்தில் வேறு எதையோ செருகுகிறாள். வாங்கிப் பார்த்தேன். செத்த மிருகத்தை எழுப்பும், ஆனால் அது யாருடைய மிருகமோ அவரிடமே போய்விடும் என்று எழுதிய சீட்டுகள். ஒன்றுக்கும் உதவாது என்று நாங்கள் ஆரம்பத்திலேயே கழித்தவை.

"கிறுக்கு புடிச்சிருக்காட்டி உனக்கு? அடுத்தவ மாட்ட எழுப்பி அவ தொழுவத்துலயே கட்டுவியா? ஆட்டத்துல எப்படி ஜெயிப்ப?"

"ஜெயிக்கவா போறேன்" என்றாள். கொஞ்சநேரம் சீட்டைத் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு தலையைத் தூக்காமலே சொன்னாள். "பஸ் ஏறுததுக்குள்ள அவ எங்கிட்ட ஒரு வார்த்தை நேரா பேசிட்டாப் போதும் தங்கம். திட்டுனாக்கூடப் பரவாயில்ல. பேசாமப் போயிட்டான்னா எனக்கு அந்த ஊருக்கே போவ மனசு வராது."

"அதுக்கு நீ வாயத் தொறந்து சொல்லணும்ட்டி."

"வரமாட்டேங்கே" என்றாள். கண் நிறைந்துவிட்டது. ஐந்தரை வருஷத்தில் அன்றைக்குத்தான் முதல்தடவையாக அவள் அழுது பார்த்தேன். மேற்கொண்டு திட்ட மனசு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சோறு சாப்பிட்டு முடித்துப் பாயை விரித்தோம். சுகாவின் டிரங்குப் பெட்டி கயிறு கட்டி வாசலில் தயாராக நின்றது. அக்கா நாலு பேருக்கும் புளியங்கொட்டை எண்ணி வைத்தார். ஆட்டம் மெதுவாகப் போனது. யாருக்கும் முடிக்க மனசில்லை.

சுகாவுக்கு எட்டு நிலம் சேர்ந்தது. ரெக்கை யானையை இறக்கினாள். நாங்கள் மூன்று பேரும் அக்காவைப் பார்த்தோம். இன்றைக்காவது விடுவார் என்று நினைத்தேன். அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே இடிச் சீட்டைப் போட்டார்.

"ஊருக்குப் போற பொண்ணு, மனசு கேக்கலதான். அதுக்கோசரம் ஆட்டத்த வுட முடியுமா?"

யானை சுகாவின் தட்டுக்குப் போனது. அடுத்து பாண்டி. கையிலிருந்து ஒரு சீட்டைக் கீழே வைத்துவிட்டு, "எடுக்கட்டா?" என்றாள்.

"எடுக்கச் சொல்லு" என்றாள் சுகா என்னிடம். போகிற நாளிலும் தன் யானையைத் தூக்கித் தன்னையே பாண்டி அடிக்கப்போகிறாள் என்று அவளுக்கு ஆத்திரம். முகத்தில் அப்படியே தெரிந்தது.

பாண்டி யானையைத் தட்டிலிருந்து எடுத்தாள். தாவணி நுனியால் துடைத்தாள். சுகாவுக்கு முன்னால் வைத்தாள்.

"தப்பா வச்சுட்டா. எடுக்கச் சொல்லு" என்றாள் சுகா.

"தப்பா வைக்கல" என்றேன் நான். "அந்தச் சீட்டு அப்படித்தான். எழுப்புனா உடையவகிட்டயே போயிரும்." இங்கிலீஷை வாசித்தும் காட்டினேன்.

சுகா சீட்டை வாங்கித் தானே ஒருமுறை படித்தாள். அவள் முறை வந்ததும் யானையை ஏவி அடித்தாள். யாரை? என்னைத்தான்! அதற்கு முன்பே அக்கா என்னை மொத்தி ஐந்து கொட்டையில் விட்டிருந்தார். நான் காலி. ஆட்டத்தில் செத்தவள் அதற்கப்புறம் வாய் திறக்கக் கூடாது என்பது எங்கள் சட்டம், யாருக்காவது துப்புக் கொடுத்துவிடுவாள் என்பதால். வாயை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்தேன்.

அக்கா முன்னால் இருந்த பூதத்தோடு இன்னும் இரண்டைச் சேர்த்துவிட்டு யானையை மறுபடியும் கொன்றார். பாண்டி மறுபடியும் ஒரு சீட்டை வைத்தாள். "எடுக்கட்டா?"

சுகா பழக்கத்தில் என் பக்கம் திரும்பினாள். நான் உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். தலையை மட்டும் ஆட்டினாள். யானை மறுபடியும் அவள் முன்னால் வந்து உட்கார்ந்தது. பாண்டிக்கு முன்னால் இப்போது ஒரு கோழிக்குஞ்சு கூட இல்லை. கையில் வந்த பலத்தையெல்லாம் யானையை எழுப்பவே செலவழித்திருந்தாள். அக்கா அதைப் பார்த்தார், ஈவு இரக்கம் இல்லாமல் அடித்தார். பாண்டியிடம் நாலு கொட்டைதான் மிச்சம்.

சுகாவின் முறை. அக்கா முன்னால் பூதம் மூன்று காவலுக்கு நிற்கிறது. பாண்டி முன்னால் வெறும் பாய். யாராக இருந்தாலும் பாண்டியைத்தான் அடிப்பார்கள். சுகா யானையின் மேல் விரலை வைத்தாள். வைத்தவள் எடுக்கவில்லை. வெளியே ஷேர் ஆட்டோக்காரன் ஒருவன் படப்பை, படப்பை என்று கத்திக்கொண்டு போனான். பாண்டி தன் நாலு கொட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் செத்துக்கிடந்ததால் அக்காதான் தபாலை எடுத்துக்கொண்டார். "இன்னா, அவள அடிக்கறேன்னு சொல்லட்டா?" என்றார்.

சுகா கையை நீட்டி அக்காவை நிறுத்தினாள்.

"பாண்டி" என்றாள். "ஒன்னத்தான் அடிக்கேன்."

பாண்டி தலையைத் தூக்கினாள். "அடிட்டி" என்றாள். சொல்லிவிட்டு நாலு கொட்டையையும் தானே அள்ளிச் சுகாவின் கையில் போட்டாள். போட்ட கையை எடுக்கவில்லை. "ஒங்கிட்டச் சொல்லிருக்கணும் சுகா. தப்பு என் மேலதான். சாப்பிடும்போதே சொல்லிருக்கணும். பயந்துட்டேன்."

சுகா அந்தக் கையைப் பிடித்து இழுத்து முதுகில் நாலு சாத்து சாத்தினாள். "இதச் சொல்ல இம்புட்டு நாளாட்டி? இம்புட்டு நாளா?" சாத்திக்கொண்டே அழுதாள். பாண்டி அடி வாங்கிக்கொண்டே சிரித்தாள். நான் செத்தவள் என்பதை மறந்து, "போதும்ட்டி, நெஜமாவே செத்துரப்போறா" என்று கத்தினேன்.

"தே, செத்தவ பேசக்கூடாது" என்றார் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு. அந்த ஆட்டத்தில் அவர்தான் ஜெயித்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வார்.

பிறகு சுகா கிளம்பும் முன்பு ஒருமுறை குளித்துவிட்டு வருகிறேன் என்று துண்டை எடுத்துக்கொண்டு போனாள். பாண்டி சீட்டுகளைப் பொறுக்கிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் பஸ்ஸுக்குப் புளிசாதம் கட்டிக்கொண்டிருந்தேன். குளியலறையிலிருந்து சத்தம் வந்தது. ஒன்றேமுக்கால் வருஷப் பழக்கம், நான் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

"ஏட்டி பாண்டி! அந்த வாளிய எடுத்துட்டு வா!"

பாண்டி சீட்டையெல்லாம் கீழே போட்டுவிட்டு ஓடினாள். நான் ஈரக்கையோடு மறுபடியும் உட்கார்ந்துகொண்டேன்.